மட்டக்களப்பு வாவிக்கரைப் புனைகதையும் நூல்வெளியீட்டு முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் வரலாறு பெரும்பாலும் ஆக்கங்களின் வரலாறாகவும் கருத்துநிலைப் பிணக்குகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த நாவல் முதலாவது, எவர் முற்போக்காளர், எவர் அவ்வணியை விட்டு விலகினார் என்பன போன்ற வினாக்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அந்நாவலை அச்சிட்ட கடதாசிக்குப் பணம் கொடுத்தவர் யார், அச்சிட்ட பிரதிகள் எவர் கைக்குச் சென்றன என்னும் வினாக்கள் அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. இலக்கியத்தின் பொருளாதார அடிப்படையைப் பற்றி ஓயாது பேசிய திறனாய்வு மரபொன்று நூலின் பொருளாதார அடிப்படையைப் பற்றி அதிகம் பேசாமல் விட்டமை சற்று வேடிக்கையானதே.

புனைகதை எழுதுவோன் தன் நூலைத் தானே வெளியிடுதல் நன்றா, பதிப்பகத்தாரிடம் ஒப்படைத்தல் நன்றா என்னும் வினா இன்று பல இடங்களிலும் கேட்கப்படுகின்றது. அவ்வினாவை ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் வைத்து நோக்குதல் பயனுடையது. வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனையை அண்டிய பகுதிவரை நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. அதன் கீழைக்கரையை எழுவான்கரை என்றும் மேலைக்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே வாழும் இப்பிரதேசம் சிறுகதையாசிரியர் பலரையும் நாவலாசிரியர் சிலரையும் தந்துள்ளது. இவர்களது அனுபவத்தைத் தொகுத்து நோக்கும்போது, மேற்கூறிய வினா பிழையான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதே எமக்குப் புலனாகின்றது. வெளியிட்டவர் யார் என்பதிலும் பார்க்க, வெளியிட்ட நூலை வாசகனிடம் கொண்டுசென்றவர் யார் என்பதே இங்கு நூல்களின் விதியைத் தீர்மானித்துள்ளது.

கிழக்கிலங்கையில் புனைகதை தொடங்கிய காலத்திலேயே எழுதும் இடமும் அச்சேறும் இடமும் வேறுபட்டிருந்தமையைக் காணலாம். திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது சென்னையிலாகும். புனைகதைக்கு அப்பாலும் நிலைமை இதுவே. மட்டக்களப்பு மண் ஈன்ற பேரறிஞர் விபுலாநந்த அடிகளின் ‘யாழ்நூல்’ 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அரங்கேற்றம் யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் நிகழ்ந்தது. அடிகள் மறைந்தது அடுத்த மாதத்தில். பல சஞ்சிகைகளிற் சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளைத் தேடித் தொகுத்து நூலுருவாக்கும் பணியை அவர் மறைவின் பின்னர் குருமண்வெளியைச் சேர்ந்த எழுத்தாளர் அருள் செல்வநாயகம் மேற்கொண்டார். வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தபோது அதனை வெளியிட்டது யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டியிலிருந்த ஈழகேசரிப் பொன்னையா நினைவு வெளியீட்டு மன்றமாகும். ஒரு பிரதேசம் தன்னைப் பற்றிய அடிப்படை நூலையே அயற்பிரதேசத்து மன்றமொன்றின் ஆதரவிற் பெறவேண்டியிருந்தது. ஆய்வு நூலுக்குப் புரவலர் கிடைப்பர். சமய நூலுக்கும் கிடைப்பர். சிறுகதைத் தொகுதிக்குப் புரவலரைத் தேடிப் போனவனின் கதை வேறு.

1950களின் பிற்பகுதியில் ஈழத்துப் புனைகதையாசிரியருக்குச் சென்னையில் ஒரு வாயில் திறந்தது. வ. விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’ சஞ்சிகை இந்நாட்டு எழுத்தாளருக்கு இடமளித்ததோடு சரஸ்வதி காரியாலயம் அவர்தம் நூல்களையும் வெளியிட்டது. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இலும், எஸ். பொன்னுத்துரையின் ‘தீ’ 1961இலும் வெளிவந்தன. எஸ்.பொ. பிறப்பால் யாழ்ப்பாணத்தவராயினும் மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்து, அம்மண்ணையே தம் வாழ்விடமாக்கிக் கொண்டவர். பாலுணர்வை வெளிப்படையாகக் கையாண்ட ‘தீ’ இங்கு பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மட்டக்களப்புப் பட்டினத்து அச்சகமொன்றில் ஓர் ஆசிரியர் தம் செலவில் அந்நாவலை அச்சிட்டிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். அச்சகத்தாரும் ஊரவர், அதிபரும் ஊரவர், கண்டிப்போரும் ஊரவர். கடல் கடந்த பதிப்பகம் ஆசிரியனுக்கு ஒருவகைத் துணிவை அளித்தது எனலாம். சுயவெளியீடே சுதந்திரம், பதிப்பகம் என்றாற் கட்டுப்பாடு என்னும் பொதுக் கருத்து இவ்விடத்தில் பொருந்துவதில்லை.

ஆயினும் சென்னை வழியின் விலை மொழியிற் செலுத்தப்பட்டது. மட்டக்களப்பான் ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்பான். ‘திரும்பி’ என்பதற்குக் ‘கிறுகி’ என்பான். சென்னையில் அச்சுக்கோப்பவருக்கும் படி திருத்துபவருக்கும் இவை பிழைகளாகத் தோன்றுவது இயல்பே. அடிக்குறிப்பு இட்டோ அருஞ்சொல் விளக்கம் சேர்த்தோதான் இவ்வழக்குகள் அங்கு புகவேண்டியிருந்தன. ஒரு சமூகத்தின் பேச்சு அடிக்குறிப்போடுதான் நடமாட முடியுமென்றால், அதனை எழுதுவோன் காலப்போக்கில் அடிக்குறிப்பு வேண்டாத சொற்களையே தேர்ந்துகொள்வான். பிற்காலத்தில் ஆரையம்பதியிலிருந்து வெளிவந்த சிற்றிதழ் ஒன்று ‘மறுகா’ என்னும் சொல்லையே தன் பெயராகச் சூடிக்கொண்டமை இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது.

சென்னைக்கும் ஊர் அச்சகத்துக்கும் இடைப்பட்ட வழியொன்று 1960களிற் கொழும்பில் உருவாயிற்று. இராமநாதபுரத்திலிருந்து வந்து கொழும்பில் ரெயின்போ அச்சகத்தை நடத்திய எம். ஏ. ரஹ்மான், தாமே ஓர் எழுத்தாளர். ‘இளம்பிறை’ சஞ்சிகையையும் அரசு வெளியீடு என்னும் பதிப்பகத்தையும் நடத்தியவர். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ 1962இலும், எஸ்.பொ.வின் ‘வீ’யும் மஹாகவியின் ‘குறும்பா’வும் 1966இலும் அரசு வெளியீடுகளாக வந்தன. இந்நூல்களின் கட்டமைப்பிலும் அச்சழகிலும் காணப்படும் அக்கறை அக்காலத்து ஈழத்து நூல்களில் அரிது. அச்சகமும் பதிப்பகமும் எழுத்தாளனும் ஒருவரேயாகும்போது இது கைகூடும். ஆனால் ஒருவரது ஆர்வத்திலும் முதலிலும் தங்கிய முயற்சி அவர் நாட்டைவிட்டு நீங்கியதும் தொடரவில்லை. இலக்கிய அணிகளின் பிளவும் இங்கு கணக்கிலெடுக்கப்பட வேண்டும். எஸ்.பொ. முற்போக்கு அணியிலிருந்து விலகி ‘நற்போக்கு’ என்ற பெயரில் தனிக்கொடி பிடித்த காலம் அது. அரசு வெளியீட்டுக்கு அணுக்கமானவர் எவர், ‘மல்லிகை’க்கு அணுக்கமானவர் எவர் என்பது ஒரு தொகுதி அச்சேறுவதையும் ஏறாமற் போவதையும் பாதித்தது. முற்போக்கு வாசகருக்கு இக்கூற்று உவப்பாயிராது. எனினும் இரு பக்கத்துக்கும் இது பொருந்தும்.

இவ்வாயில்கள் எதனையும் அணுக இயலாத எழுத்தாளருக்கு எஞ்சியது ஊர் அச்சகமே. மட்டக்களப்பில் புனித சூசையப்பர் கத்தோலிக்க அச்சகம் போன்றவை பன்னெடுங்காலம் இயங்கின. இவை சமயப் பிரசுரங்களுக்கும், திருமண அழைப்பிதழுக்கும், துண்டுப்பிரசுரத்துக்கும், கடைப் பற்றுச்சீட்டுக்கும் ஏற்பட்டவை, நாவலுக்கு ஏற்பட்டவையல்ல. ஈய எழுத்துக் காலத்தில் ஒரு சிற்றச்சகத்திடம் இருக்கும் எழுத்துகளைக் கொண்டு சில பக்கங்களையே ஒரே வேளையிற் கோக்க முடியும். எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கோத்து, படி திருத்தி, அச்சடித்து, எழுத்துகளைக் கலைத்து மீண்டும் அறைகளிற் போட்ட பின்னரே அடுத்த பகுதி தொடங்கும். இடையில் ஒரு கோயில் திருவிழா விளம்பரம் வந்துவிட்டால் நாவல் காத்திருக்கும். நூற்றைம்பது பக்க நூலொன்று இவ்வாறு பல மாதங்கள் எடுத்தமை வியப்பன்று. பாடசாலை விட்டதும் அச்சகத்துக்குச் சென்று படி திருத்துவது ஆசிரியத்தொழில் செய்த எழுத்தாளரின் மாலைக் கடமையாயிற்று. எழுத்தாளரிற் பெரும்பாலோர் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்தமைக்கும் இம்முறைக்கும் தொடர்புண்டு. மாதச் சம்பளமும் கடன் பெறும் தகுதியும் உடையவனே தன் நூலைத் தானே வெளியிட இயலும். வாவியில் வலைவீசுவோனும், படுவான்கரை வயலிற் கூலிக்கு வெட்டுவோனும், மருதமுனைத் தறியில் நெய்வோனும் கதைகளிற் பாத்திரங்களாயினர். ஆசிரியரானவர் மிகச் சிலர். வெளியீட்டு முறை எழுத்தாளனின் வர்க்கத்தையும் ஒருவாறு தெரிவு செய்துவிட்டது.

கணக்கைச் சிறிது விரித்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக ஓர் ஆசிரியர் ஆயிரம் பிரதிகள் அச்சிடுகின்றார் எனக் கொள்வோம். ஒரு பிரதிக்கு ஆன செலவைப்போல் இருமடங்கை விலையாக வைக்கின்றார். புத்தகக் கடைக்காரருக்கு மூன்றிலொரு பங்கு கழிவு கொடுத்தாற் செலவை மீட்பதற்கு எழுநூற்றைம்பது பிரதிகள் விற்றாகவேண்டும். ஊர் முழுவதும் உறவினராயிருப்பினும் எழுநூற்றைம்பது வாசகரை ஒருவர் சைக்கிளிற் சென்று தேடிப்பிடிக்க இயலாது. கழிவுக்குக் கொடுத்த பிரதிகளின் பணம் கடைகளிலிருந்து திரும்பி வருவது இன்னொரு நீண்ட கதை.

இவ்விடர்ப்பாட்டுக்கு எமது சமூகம் கண்ட தீர்வே வெளியீட்டு விழா. மங்கல விளக்கேற்றி, தலைவர் உரையாற்றி, முதற்பிரதியை ஊர்ப் பிரமுகர் ஒருவர் பெருந்தொகை கொடுத்துப் பெற, அவரைத் தொடர்ந்து வணிகரும் அதிகாரிகளும் சிறப்புப் பிரதிகளை உறையில் வைத்த பணத்துக்குப் பெற்றுச் செல்லும் இவ்விழாவைப் பலர் எள்ளி நகையாடியுள்ளனர். எமக்கு அந்த எள்ளலில் உடன்பாடில்லை. கடன்பட்ட ஒருவரது அச்சுக்கூலியை ஊர் கூடித் தீர்க்கும் சடங்கு அது. கலியாண வீட்டு மொய்யைப் போன்றது. ஆயின் அதன் விளைவு வேறொன்று. நூல் வாசகனிடத்து விற்கப்படாமற் கடமைப்பட்டவனிடத்து விற்கப்படுகின்றது. கடமைக்கு வாங்கியவன் அதனை அலுமாரியில் வைத்துவிடுவான். விழாவன்று அச்சுச் செலவில் ஒரு பகுதி கிடைத்ததும் எஞ்சிய பிரதிகளை விற்கவேண்டிய நெருக்கடி ஆசிரியனுக்குக் குறைகின்றது. கட்டுகள் வீட்டு மூலையில் தங்குகின்றன. 1978 நவம்பர் 23ஆந் திகதிப் புயலும், பின்வந்த போர்க்கால இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் கண்ட கரையில், வீட்டு மூலையில் தங்கிய கடதாசிக் கட்டுக்கு எவ்வளவு ஆயுள் இருந்திருக்கும் என்று கூறவேண்டியதில்லை. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தை நூல்கள் கடந்தனவோ இல்லையோ, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குச் செல்லும் பாதையில் ஏறி மறுகரை சேர்ந்தவை சிலவே.

வாசகர் இல்லை என்பதுதான் இதற்குக் காரணமா? 1970களின் அனுபவம் அவ்வாறு கூறவில்லை. அத்தசாப்தத்தின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளினதும் நூல்களினதும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வெளியிட முன்வந்தது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் 1973இல் வந்தன, மூதூர் வ. அ.வின் ‘கிரௌஞ்சப் பறவைகள்’ 1975இல் வந்தது. இந்நூல்கள் புத்தகக் கடைகளை நம்பியிருக்கவில்லை. நாளிதழ் சென்ற வழியே, பத்திரிகை முகவர் மூலம், நாவலும் சென்றது. நாளாந்தம் பத்திரிகை வந்துசேரும் சந்திக் கடையில் நாவலும் தொங்கியது. வன்னியின் தண்ணிமுறிப்பை முன்பின் அறியாதவர்கள் ‘நிலக்கிளி’யைப் படித்ததற்கு அதுவே காரணம். அந்நாவலின் சிறப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. அதே சிறப்புடன் ஊர் அச்சகத்தில் வெளிவந்திருப்பின் ஊரைத் தாண்டியிராது என்பதே எமது கூற்று.

இங்கும் ஒரு விலை இருந்தது. பத்திரிகை நிறுவனம் பக்க அளவையும் விறுவிறுப்பையும் வேண்டி நின்றது. தொடர்கதை வாசிப்புக்குப் பழகிய கண்ணையே அது மனங்கொண்டது. சோதனை முயற்சிகளுக்கு அங்கு இடம் அரிது. அன்றியும் அம்முயற்சி இறக்குமதிக் கட்டுப்பாடு என்னும் வேலிக்குள் விளைந்த பயிர். 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் புகுந்ததும் தமிழகச் சஞ்சிகைகள் மீண்டும் சந்திக் கடைகளை நிரப்பின. சில ஆண்டுகளில் வீரகேசரிப் பிரசுர முயற்சி தளர்ந்து ஒழிந்தது. முகவர் வலையமைப்பு அப்படியே இருந்தது. அதில் ஈழத்து நாவலை ஏற்றி அனுப்புவார்தாம் இல்லாமற் போயினர்.

தனியாள் முதலும் இன்றி, நிறுவன முதலும் இன்றி, கூட்டாக வெளியிடும் முயற்சிகளும் தோன்றின. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் 1962இல் மாணவர் சிறுகதைகளைக் ‘கதைப் பூங்கா’ என்னும் தொகுதியாக வெளியிட்டமை இதற்கு ஒரு முன்னுதாரணம். வாவியின் தென்முனையில், கல்முனையில், எம். ஏ. நுஃமான் முதலியோர் வாசகர் சங்க வெளியீடு என்னும் பெயரில் நூல்களைக் கொணர்ந்தனர். மஹாகவியின் ‘கோடை’யும், நுஃமான், சி. மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு ஆகியோர் எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கிய’மும் (1979) இவ்வாறு வந்தவை. பதிப்பகத்துக்கு எழுத்தாளர் சங்கம் என்றன்றி வாசகர் சங்கம் என்று பெயரிட்டமை தற்செயலாயினும் பொருத்தமானது. ஆனால் இச்சங்கத்தின் ஊக்கம் கவிதைக்கும் நாடகத்துக்கும் ஆய்வுக்குமே பெரிதும் சென்றது. புனைகதை அதில் உரிய பங்கைப் பெறவில்லை என்பது எமது கணிப்பு. ஆரையம்பதியில் ‘மலர்’ சஞ்சிகையை நடத்திய அன்புமணி, அன்பு வெளியீடு என்னும் பெயரில் தம் நூல்களோடு பிறர் நூல்களும் வெளிவர உழைத்தார். சுயவெளியீடு பதிப்பகமாக வளர்வதற்கான அரும்பு இத்தகைய முயற்சிகளிலே தென்படுகின்றது.

தமிழகத்து உதாரணம் ஒன்றை ஈண்டு ஒப்புநோக்கலாம். சுப்பிரமணிய பாரதி 1920இல் தம் ஆக்கங்களை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பதினாயிரம் பிரதிகள் அச்சிட்டுப் பரப்பும் திட்டமொன்றை வகுத்து அன்பரிடம் கடன் கேட்டார். திட்டம் கைகூடவில்லை, அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். மு. வரதராசனின் நாவல்களோ தாயக வெளியீடு என்ற அவரது சொந்த வெளியீடாகவே வந்தன. விற்பனை உரிமையைப் பாரி நிலையம் ஏற்றிருந்தது. அச்சும் உரிமையும் ஆசிரியனிடம், விற்பனை அதனை அறிந்தவரிடம் என்னும் இப்பிரிவினையே மு.வ.வைத் தமிழகமெங்கும் வாசிக்கப்பட்டவராக்கியதிற் பெரும்பங்கு வகித்தது. பாரதிக்கு இல்லாமற் போனது முதல் மட்டுமன்று. ஒரு பாரி நிலையமும் இல்லை. மட்டக்களப்பு எழுத்தாளருக்கும் இல்லாதது அதுவே.

தாமும் வெளியிடாது, பிறரும் வெளியிடாது காலங்கழித்தவர்களை மறத்தல் ஆகாது. மட்டக்களப்பைச் சேர்ந்த பித்தன் ஷா ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவர். ‘பாதிக்குழந்தை’ முதலான கதைகளில் முஸ்லிம் சமூகத்தின் உட்புறத்தை, குறிப்பாகச் செல்வரின் போலி அறத்தையும் வறிய பெண்ணின் அவலத்தையும், துணிந்து காட்டியவர். பத்திரிகைகளிற் சிதறிக் கிடந்த அவர் கதைகள், அவர் மறைவின் பின்னர் 1995இல் மல்லிகைப் பந்தல் வெளியீடாகப் ‘பித்தன் கதைகள்’ என்னும் நூலுருவில் வந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தலைமுறை அவரைப் பெயரளவில் மட்டுமே அறிந்திருந்தது. பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கம் கவிஞராக நன்கறியப்பட்டவர். அவருடைய சிறுகதைத் தொகுதி ‘காண்டாவனம்’ வெளிவந்ததும் 2012இல் அவர் மறைந்த பின்னர்தான். நூலுருப் பெறாத கதை பாடத்திட்டத்தில் இடம்பெறாது. திறனாய்வாளன் கைக்கு எட்டாது. இளைய எழுத்தாளனுக்கு முன்மாதிரியாகாது. ஒவ்வொரு தலைமுறையும் தானே முதலில் எழுதத் தொடங்கியதாக எண்ணிக்கொள்ளும் நிலை இதனால் உண்டாயிற்று. சுயவெளியீட்டின் குறைகளை எவ்வளவு எடுத்துரைத்தாலும், கட்டாக வீட்டில் தங்கிய நூலிலிருந்து ஒரு பிரதியாவது நூலகத்துக்குச் செல்லும். வெளிவராத நூலிலிருந்து எதுவும் செல்லாது. இவ்வகையில் எமது நிறைகோல் சுயவெளியீட்டுப் பக்கமே சாய்கின்றது.

போர்க்காலத்தில் நிலைமை மேலும் மாறிற்று. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையே பொதி அனுப்புவதே அரும்பாடாயிருந்த ஆண்டுகளில், புலம்பெயர்ந்தோரின் பணமும் சென்னையின் அச்சு வசதியும் இணைந்தன. அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த எஸ்.பொ., மித்ர என்னும் பதிப்பகத்தைச் சென்னையில் நிறுவித் தம் நூல்களையும் புலம்பெயர்ந்தோர் பலரது நூல்களையும் வெளியிட்டார். 1961இற் சென்னைப் பதிப்பகம், 1966இற் கொழும்பு அச்சக நண்பர், பின்னர் சொந்தப் பதிப்பகம் என மூவகை வெளியீட்டையும் ஒருவரே கண்ட வரலாறு அவருடையது. இதே காலத்தில் ஆசிரியனிடமே முழுச் செலவையும் பெற்று, தம் முத்திரையைப் பொறித்து, பிரதிகளைக் கப்பலேற்றிவிடும் சென்னை வணிகமொன்றும் பெருகிற்று. பதிப்பகத்தின் பெயர் முகப்பில் இருந்தபோதும் அது சுயவெளியீடே. ஆசிரியன் பெறாதது பதிப்பகத்தின் விற்பனை வலையை. பதிப்பகம், சுயவெளியீடு என்னும் இரு சொற்களும் முகப்பைப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடியன அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று கல்முனை உமா வரதராஜனின் ‘மூன்றாம் சிலுவை’ நாகர்கோவில் காலச்சுவடு வெளியீடாக (2009) வந்து தமிழகத்தில் வாசிக்கப்படுகின்றது. மட்டக்களப்பிலேயே மைக்கல் கொலினின் ‘மகுடம்’ சஞ்சிகையும் அதன் பதிப்பகமும் தோன்றியுள்ளன. கணினி அச்சு வந்தபின் நூறு பிரதிகள் மட்டும் அச்சிடுவதும் இயலும். எழுநூற்றைம்பது என்னும் அந்தப் பழைய பூதம் அச்சுறுத்துவதில்லை. ஆயினும் நூறு பிரதி அச்சிடுபவன் நூறு பேருக்கே எழுதத் தொடங்கும் அபாயம் இதிலுண்டு. அந்நூறு பேரும் விழாவுக்கு வருவோராகவே இருந்துவிடலாம். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈய எழுத்துக் காலத்து ஊர் வெளியீடுகள் பலவற்றை வருடி எவரும் படிக்குமாறு வைத்துள்ளது. ஆரையம்பதியிலோ கல்முனையிலோ அச்சாகி ஊர் எல்லையைத் தாண்டாத தொகுதிகளை இன்று ரொறன்ரோவிலுள்ள ஒருவர் இரவில் திறந்து படிக்கலாம். படுவான்கரைப் பாடசாலையொன்றின் நூலக அலுமாரியில் அவற்றின் அச்சுப்பிரதி ஒன்றேனும் உண்டா என்பதைப் பிரதேச நூலகங்கள்தோறும் சென்று கணக்கெடுக்கும் வேலை இன்னும் எஞ்சியுள்ளது.